தலைசுற்றலும் கழுத்துச் சொடுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றலும் தள்ளாட்டமும் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. கொஞ்ச காலமாக வருகிறவர்களில் பலர் போனில் ஒரு கைரோபிராக்டிக் வீடியோவைக் காட்டி, "இப்படிக் கழுத்தைச் சொடுக்கினால் தலைசுற்றல் போய்விடுமாமே, போகலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"மயக்கமா வருது" என்று சொன்னால் போதாதா? ஏன் இத்தனை கேள்வி கேட்கிறீர்கள்?

போதாது. நம் ஊரில் "மயக்கம்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் அசையாமல் இருக்கும்போதே வீடு ராட்டினம் போலச் சுற்றினால் அது ஒன்று. ஆங்கில மருத்துவத்தில் வெர்டிகோ என்பது இதைத்தான். எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, விழுந்துவிடுவோம் போல் இருப்பது இன்னொன்று. தலை தெளிவாக இருந்தும் நடக்கும்போது கால் தள்ளாடுவது மூன்றாவது. பஞ்சு மேல் நடப்பது போல் நாள் முழுக்கத் தலை கனத்துக் கிறுகிறுவென்று இருப்பது நான்காவது.

சொல்லைவிட முக்கியமானவை இரண்டு: ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்தால் வருகிறது. இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். "காலையிலிருந்து சுற்றுகிறது" என்பவரிடம் பொறுமையாகக் கேட்டால், சுற்றியது என்னவோ எழுந்த அந்த அரை நிமிடம்தான், மற்ற நேரமெல்லாம் பயமும் குமட்டலும்தான் என்று தெரியவரும்.

படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. இது என்ன?

பெரும்பாலும் காதுக்குள் கல் நகர்ந்திருக்கும். சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஒரு பசைப் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வயதாவதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ, அவற்றில் சில கழன்று பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. ஒவ்வொரு காதிலும் இப்படி மூன்று குழாய்கள் உண்டு. உள்ளே இருப்பது திரவம். தலையைத் திருப்பியதும் துகள்கள் உருண்டு திரவத்தையும் தள்ளுகின்றன. தலை நின்றுவிட்ட பிறகும் திரவம் அசைவதால், "இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாய்" என்று மூளைக்குத் தவறான செய்தி போகிறது. துகள்கள் அடியில் படிந்ததும் சுற்றல் நிற்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுவதற்குக் காரணம் அதுதான்.

மருத்துவத்தில் இதைச் சுருக்கமாக பிபிபிவி என்கிறார்கள். படுக்கும்போது, புரளும்போது, பரணில் இருக்கும் டப்பாவை அண்ணாந்து எடுக்கும்போது, குனிந்து கோலம் போட்டு நிமிரும்போது வரும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அனுபவிப்பவர்களுக்கு அது எவ்வளவு பயங்கரம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். அதனால்தானே சுற்றுகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மல்லுக்கட்டுகிறேன். 60 வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும். தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும் தெரியும். நரைமுடி மாதிரிதான் அதுவும். தலைசுற்றலோடு வந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்து, தேய்மானத்தைப் பார்த்து, "செர்விக்கல்" என்று பெயர் வைத்து, காலரை மாட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. காதை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே ஒன்றை யோசித்துப் பாருங்கள். படுக்கையில் புரளும்போது தலையும் உடம்பும் சேர்ந்தேதான் புரள்கின்றன. கழுத்து அவ்வளவாக முறுக்குவதில்லை. அப்படியும் சுற்றுகிறது என்றால் கழுத்தின் மேல் எப்படிப் பழி போட முடியும்? உட்கார்ந்தபடி உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் இடமும் வலமும் மெதுவாகத் திருப்பும்போது ஒன்றும் ஆகாமல், படுத்தால் மட்டும் சுற்றுகிறது என்றால் சந்தேகம் காதின் மேல்தான் விழ வேண்டும்.

ஒரு அம்மா வந்தார். கழுத்தில் காலர். மூன்று வாரமாகப் படுக்கவே இல்லை, ஈசி சேரில் சாய்ந்தபடியே தூங்கியிருக்கிறார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "படுத்தா செத்துடுவேன் தம்பி" என்று அழுதார். மகளைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டிலில் சட்டென்று பின்னால் சாய்த்தேன். நாலைந்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னேன். கருவிழி, தரைப்பக்கம் இருந்த காதை நோக்கிச் சுண்டிச் சுண்டித் திரும்பியது. ஏறக்குறைய இருபது விநாடியில் ஓய்ந்தது. எந்தக் காது, எந்தக் குழாய் என்று அந்தக் கண்ணே சொல்லிவிட்டது. அன்றைக்கே கல்லைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரம் காலர் இல்லாமல் வந்து, கட்டிலில் படுத்துத் தூங்கியதைச் சொன்னார்.

நான் அந்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தவன் அல்ல. 1952-ல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் இருவரும் விவரித்தது அது. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்றே பெயர். ஒரு கட்டிலும் இரண்டு நிமிடமும் போதும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி வந்தவர்களுக்கு நானும் நாள் கணக்கில் கழுத்து டிராக்ஷன், அதாவது கழுத்தை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை, போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

அப்படியானால் கழுத்தால் தலைசுற்றலே வராதா?

வரும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. கழுத்தின் மேல்பகுதித் தசைகளிலும் மூட்டுகளிலும் தலையின் நிலையைச் சொல்லும் நரம்பு முனைகள் நிறைய உண்டு. வண்டி விபத்தில் கழுத்து உதறியவர்களுக்கும், நாள்பட்ட கழுத்து வலி, இறுக்கம் உள்ளவர்களுக்கும் அங்கிருந்து போகும் செய்தி காதின் செய்தியோடு ஒத்துப்போகாமல் கிறுகிறுப்பு வரலாம். ராட்டினச் சுற்றலாக அது இருக்காது. மிதப்பது போல, நிலைகொள்ளாத உணர்வாக இருக்கும். கழுத்து வலியோடு சேர்ந்து வரும், வலி குறைந்தால் இதுவும் குறையும். இதை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. காது, இதயம், மூளை, மாத்திரை எல்லாவற்றையும் பார்த்து விலக்கிய பிறகுதான் கழுத்துக்கு வர வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ்.

"கழுத்து நரம்பு அமுங்கி மூளைக்கு ரத்தம் போகவில்லை" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இரண்டு. அவை மேலே ஒன்று சேர்கின்றன. ஒன்று கொஞ்சம் நெருக்கப்பட்டாலும் பெரும்பாலோருக்கு மற்றது ஈடு கொடுத்துவிடும். தலையைத் திருப்பினால் ரத்தம் தடைபடும் நோய் இருக்கிறது, ஆனால் அது மிக அரிது.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் சட்டென்று தள்ளியும் செய்யும் சிகிச்சை. "டப்" என்று கேட்கும் சத்தம் எலும்பு இடம் மாறும் சத்தம் அல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. அவருடைய முதல் நோயாளியாகச் சொல்லப்படும் ஹார்வி லில்லார்ட் காது கேளாதவர். முதுகெலும்பைத் தட்டிச் சரி செய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பது பால்மரின் கூற்று. காதுக்கும் முதுகெலும்புக்கும் முடிச்சுப் போடுவது அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் காது நரம்பு உள்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது. கழுத்தெலும்பைத் தொடுவதே இல்லை.

பிரிட்டனில் 1994-ல் வந்த சட்டப்படி கைரோபிராக்டர்கள் பதிவு செய்துகொண்டாக வேண்டும். மலேசியாவில் 2016-ல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் இதுவும் வருகிறது. இந்தியாவில் டாக்டர்களுக்கு இருப்பது போல இதற்கென்று தனிப் பதிவு மன்றம் கிடையாது. ஆகவே போர்டில் அந்தப் பெயரைப் பார்த்தால், எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். வெளிநாட்டில் முழுப் படிப்பு முடித்தவரும் இருப்பார், வார இறுதி வகுப்பில் கற்றவரும் இருப்பார்.

தலைசுற்றலுக்கு அது உதவுமா, உதவாதா?

எந்தத் தலைசுற்றல் என்பதைப் பொறுத்தது.

காதுக் கல் என்றால், கழுத்தைச் சொடுக்குவதால் கல் திரும்பிப் போகாது. அதற்குத் தேவை தலையைச் சில கோணங்களில் வைத்துக் காத்திருப்பது. நன்கு படித்த கைரோபிராக்டர்கள் பலர் அதையும் செய்கிறார்கள். "கைரோபிராக்டிக்கில் எனக்கு ஒரே நாளில் போய்விட்டது" என்று சொல்பவரிடம் என்ன செய்தார்கள் என்று விசாரித்தால், "தலையைத் தொங்கப்போட்டு, அப்புறம் அந்தப் பக்கம் திருப்பி, அப்புறம் ஒருக்களித்துப் படுக்க வைத்து..." என்று வரும். குணப்படுத்தியது அந்த முறைதான். காது மூக்கு தொண்டை டாக்டர், நரம்பியல் டாக்டர், பிசியோதெரபிஸ்ட் யார் செய்தாலும் பலன் ஒன்றுதான்.

கழுத்தால் வரும் கிறுகிறுப்பு என்றால் கைச் சிகிச்சைக்கு இடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே பயன்படுத்தியது மூட்டை மெதுவாக, நோயாளியின் கட்டுப்பாட்டில் அசைக்கும் முறை; வீடியோவில் காட்டும் வெடுக்கென்ற திருகல் அல்ல. மென்மையான முறையிலேயே பலன் கிடைக்கும்போது திருகலுக்கு ஏன் போக வேண்டும்?

காது இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றும் மெனியர் என்ற உள்காது நோய்க்கு, கழுத்தின் முதல் எலும்பான அட்லஸைச் சரி செய்தால் போதும் என்று விளம்பரம் வருகிறது. தனித்தனி நோயாளிகளின் கதைகளைத் தாண்டி அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மெனியர் தானாகவே வந்து வந்து போகும் நோய். எந்தச் சிகிச்சைக்குப் பிறகு தணிந்தாலும் புகழ் அந்தச் சிகிச்சைக்குப் போய்விடும்.

கழுத்தைச் சொடுக்குவதில் ஆபத்து உண்டா? சலூனில் காலங்காலமாகச் செய்கிறார்களே?

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, உண்மைதான். ஆனால் ஆகும்போது மிகப் பெரிதாக ஆகிவிடுகிறது. நான் மேலே சொன்ன ரத்தக்குழாய் இரண்டும் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக ஏறி, உச்சியில் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. சட்டென்று திருகும்போது அந்த வளைவில் உள்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, மூளையின் பின்பகுதிக்குப் போய் அடைக்கலாம். அது பக்கவாதம். வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல, இளவயதினருக்கும் வரும்.

2014-ல் அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. திருகல்தான் கிழித்தது என்று முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது, சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சிக்கலும் உண்டு. ரத்தக்குழாய் ஏற்கெனவே கிழியத் தொடங்கியிருந்தால் அதன் முதல் அறிகுறியே கழுத்து வலி, தலைவலி, தலைசுற்றல்தான். அந்த வலியோடு ஒருவர் கழுத்தைச் சொடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் புதிதாகக் கழுத்து வலியும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தவர்கள் யாரையும் கழுத்தைத் தொட விடக்கூடாது என்று இத்தனை வற்புறுத்துகிறேன்.

சலூனில் முடிவெட்டி, தலையில் தட்டி, தாடையையும் பின்மண்டையையும் பிடித்து இரண்டு பக்கமும் திருகுவது அன்பாகச் செய்யும் உபசாரம். "வேண்டாம் அண்ணே, கழுத்து மட்டும் விட்டுடுங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்லைத் திருப்பி அனுப்பும் முறை என்ன? வீட்டில் செய்யலாமா?

எப்லி முறை என்பார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த காது மருத்துவர் ஜான் எப்லி 1980-களில் உருவாக்கிச் செய்துகாட்டியபோது பலர் நம்பவில்லை. கட்டுரையாக வந்தது 1992-ல். இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சை இதுதான்.

வலக்காது என்றால் இப்படி: கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்படியே பின்னால் படுத்து, தலை சற்றுத் தொங்கும்படி தோளுக்கடியில் தலையணை. சுற்றும், சுற்றல் நிற்கும் வரையும் அதற்குப் பிறகு அரை நிமிடமும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்து தலையைத் தூக்காமல் 90 டிகிரி இடப்பக்கம் திருப்பிக் காத்திருக்க வேண்டும். பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி இருந்து மறுபடி காத்திருக்க வேண்டும். கடைசியாகக் காலைத் தொங்கப்போட்டு மெதுவாக எழ வேண்டும். 10 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு ஒன்றிலிருந்து மூன்று முறைக்குள் சரியாகிவிடும்.

முதல் தடவை தெரிந்தவரிடமே செய்துகொள்ளுங்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இல்லை. பக்கவாட்டுக் குழாயில் கல் இருந்தால் முறையே வேறு. முடக்குவாதத்தால் கழுத்து உறுதியிழந்தவர்கள், கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், அண்மையில் விழித்திரை கிழிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

செய்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டுமா?

வேண்டாம். பழைய வழக்கம் அது. இப்போதைய வழிகாட்டுதல்கள் அதை விட்டுவிட்டன. காலரும் வேண்டாம். ஓரிரு நாள் லேசாக மிதப்பது போல் இருக்கும், போய்விடும்.

தலைசுற்றல் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடலாமா?

மாத்திரை கல்லை நகர்த்தாது. குமட்டலையும் தீவிரத்தையும் இரண்டு மூன்று நாளுக்கு அடக்க உதவும், அவ்வளவே. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதுதான் எனக்குக் கவலை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை வயதானவர்கள் நீண்ட நாள் எடுத்தால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். தலைசுற்றலிலிருந்து மூளை தானாக ஈடுகட்டிக்கொள்வதையும் அவை தாமதப்படுத்தும். நிறுத்துவதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பித்தம் என்கிறார்களே? இஞ்சிச் சாறு, எலுமிச்சை?

குமட்டலோடு வருவதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். இஞ்சி குமட்டலைக் குறைக்கும், குடியுங்கள். சுற்றலின் காரணத்தைத் தேடுவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

காதுக் கல் இல்லை என்றால் வேறு என்ன இருக்கலாம்?

நேரத்தை வைத்தே ஓரளவு பிரிக்கலாம். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கேட்கும் திறன் குறைவும் இருந்தால் மெனியர். பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861-ல் விவரித்தது. சளி, காய்ச்சலுக்குப் பிறகு நாள் கணக்கில் விடாமல் சுற்றினால் காது நரம்பு வீக்கம். ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்கு, தலையே வலிக்காமல் சுற்றல் மட்டும் சில நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை வரலாம். இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் காதையும் கழுத்தையும் விட்டுவிட்டு ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை. மேல் அளவு 20 குறைந்தாலும் கீழ் அளவு 10 குறைந்தாலும் காரணம் கிடைத்துவிட்டது. பிரஷர் மாத்திரையோடு புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசினும் சாப்பிடும் தாத்தாக்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து விழுவது இதனால்தான். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள், மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சுற்றலோடு வாய் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், முகம் கோணினால், ஒரு பக்கம் மரத்தால், விழுங்க முடியாவிட்டால், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாவிட்டால், இதுவரை இல்லாத கடுமையான தலைவலியோ கழுத்து வலியோ இருந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றே காது டாக்டரைப் பாருங்கள்.

காதுக் கல் மறுபடி வருமா?

வரலாம். ஐந்து ஆண்டுக்குள் பாதிப் பேருக்கு வருகிறது. கொரியாவில் 8 மருத்துவமனைகளில் நடந்த, 2020-ல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் ஓராண்டு கொடுத்தபோது மறுபடி வருவது 24 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். அப்புறம், சுற்றும்போது வீட்டில் இருப்பவரை உங்கள் கண்ணை அருகில் வைத்துப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நல்ல வெளிச்சம், கண் திறந்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்று பேசிப் பதிவு செய்தால் போதும். டாக்டர் முன்னால் உட்காரும்போது பெரும்பாலும் சுற்றல் நின்றிருக்கும்; அந்த அரை நிமிட வீடியோவில் கண் எப்படி ஆடுகிறது என்பதை அவர் பார்த்துவிடுவார்.